படுகளத்தில் கிடந்த மூக்கு

மாசிலாமணியின் மூக்கைப் பற்றி நான் சொல்வதில் பாதியை நீங்கள் நம்ப வேண்டாம். எந்தப் பாதி என்பதை உங்கள் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறேன்.

அவன் என் சித்தப்பா மகன். ஒலக்கூருக்குக் கிழக்கே, இரண்டு ஏரிகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊரில் பிறந்து, விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவாக வேலைக்குப் போனவன். மீன்கூடை, சைக்கிள், கோழிக்கூண்டு என்று ரயிலேறும் எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டி, சேரவேண்டிய ஊருக்கு அனுப்பிவைப்பான். அவன் முகத்தில் ஏற்றியிருந்த பார்சலை மட்டும் யாருக்கு அனுப்புவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அப்படி ஒரு மூக்கு எங்கள் வம்சத்தில் வேறு யாருக்கும் கிடையாது. குழந்தை குளிப்பாட்ட வந்த முனியம்மாள்தான் காரணம் என்று ஊரில் பேச்சு. எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தையை எண்ணெய் தேய்த்துக் காலில் கிடத்திக் குளிப்பாட்டும்போது தலையை உருட்டி, புருவத்தை நீவி, மூக்கை இரண்டு விரலால் பிடித்து எடுத்துவிடுவார்கள். முனியம்மாள் மாசிலாமணியின் மூக்கைப் பிடித்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை மூண்டதாம். காது அங்கே, கை இங்கே. சண்டையில் ஒரு வார்த்தை விட்டுப்போகாமல் கேட்டு முடித்துவிட்டு அவள் குனிந்து பார்த்தபோது, குழந்தைக்கு முன்னால் மூக்கு வளர்ந்து ஆளாகி நின்றதாம்.

நெற்றியிலிருந்து புறப்படும். நடுவழியில் ஒரு மேட்டின்மீது ஏறும். அங்கே சற்று நின்று நாலாபக்கமும் பார்த்துவிட்டு, பிறகு நிதானமாக உதட்டை நோக்கி இறங்கும். எவ்வளவு மழை பெய்தாலும் அவனுக்கு மேலுதடு நனைந்ததில்லை. களத்தில் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உடைத்துக் குவித்திருக்கும்போது அவன் ஒரு தும்மல் போட்டால் போதும், தோல் ஒரு பக்கம் பருப்பு ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். தூற்றுவதற்கு ஆள் தேட வேண்டாம்.

இதெல்லாம் சிரிப்பதற்காகச் சொல்வது. சாயங்கால வெயிலில் அவன் ஏரிக்கரைமேல் நடந்து போகும்போது பக்கவாட்டில் பார்த்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். வெள்ளி ரூபாயிலிருந்து ஒரு ராஜா இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போவதுபோல் இருக்கும். கரைமேல் மேயும் மாடுகள்கூடத் தலையை நிமிர்த்திப் பார்க்கும்.

அவனோ அதை ஒரு நாளும் பார்த்ததில்லை. யாரால்தான் தன் பக்கவாட்டைப் பார்க்க முடியும்? அவன் பார்த்ததெல்லாம் மற்றவர்கள் பார்க்கிற பார்வையைத்தான். அதனால் யாரிடம் பேசினாலும் நேருக்கு நேர் முகத்தை வைத்துத்தான் பேசுவான். நீங்கள் இடப்பக்கம் நகர்ந்தால் அவனும் திரும்புவான். சுற்றி வந்தால் சுற்றுவான். ஆபீஸில் இதை மரியாதை என்று எண்ணி, 'கண்ணைப் பார்த்துப் பேசுகிற யோக்கியன்' என்று அவனுக்கு நல்ல பெயர்கூடக் கிடைத்தது.

எண்பத்து நாலாம் வருஷம் அவனுக்குத் திண்டிவனத்தில் ஒரு சம்பந்தம் பேசினார்கள். எண்ணெய் மில் துரைக்கண்ணுவின் மகள் தையல்நாயகி. பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். அதற்கு முன்னால் வேறொரு வீட்டில் பெண் பார்க்கப் போனபோது, அவன் காபி டம்ளரைத் தூக்கியதும் திரைக்குப் பின்னால் நாலைந்து பெண்கள் சேர்ந்து சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து பெண் வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று அவன் பிடிவாதமாக இருந்தான். ஆகவே முதலில் போட்டோ அனுப்புவது என்று முடிவாயிற்று.

விழுப்புரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த பாண்டுரங்கனிடம் போய், "அண்ணே, மூக்கு மட்டும் தெரியாம எடுத்துக் குடுங்க" என்றான்.

"மூக்கத் தவுர மத்ததெல்லாம் வரணுமா? தம்பி, மலைய எடுக்காம செஞ்சிக் கோட்டையப் போட்டோ எடுன்ற மாதிரி கீது" என்றார் பாண்டுரங்கன். ஆனாலும் கெட்டிக்காரர். இரண்டு பக்கமும் விளக்கை வைத்து நேரே உட்காரவைத்து எடுத்தார். மிச்சமிருந்த நிழலையும் பிலிமில் பென்சில் போட்டுத் துடைத்துவிட்டார். வந்த படத்தில் மாசிலாமணியின் முகம் சுட்ட அப்பளம்போல் வட்டமாக, சமமாக, குற்றம் குறை இல்லாமல் இருந்தது. இரண்டு துவாரங்கள் மட்டும் இருந்தன. அவனுக்கு ஏக சந்தோஷம். படம் திண்டிவனத்துக்குப் போயிற்று.

போன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. படத்தில் இருக்கிறவன் வேறு, தான் வேறு. திண்டிவனத்தார் நேரில் பார்த்தால் ஆள்மாறாட்டம் என்று நினைக்க மாட்டார்களா? வேறொருவனாக இருந்தால் படத்தை மாற்றி அனுப்பியிருப்பான். எங்கள் மாசிலாமணி முகத்தைப் படத்துக்குத் தகுந்தாற்போல் மாற்றிவிடுவது என்று தீர்மானித்தான்.

ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான். "அக்கா, ப்ளாஸ்டிக் சர்ஜரின்னு ஒண்ணு கீதாம். மூக்கச் சின்னதாக்கிடுவாங்களாம்."

"ப்ளாஸ்டிக்காடா? அடுப்பாண்ட போனா இளகிக்கினு தொங்காதா?"

"அய்ய, அது பேருதான் அப்படி. நம்ம எலும்பையேதான் செதுக்குவாங்க. நீ கூட வாக்கா, எனக்குத் தனியா போக பேஜாரா இருக்குது."

மெட்ராஸிலிருந்து டாக்டர் வேங்கடேசன் என்பவர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்துக்கு வருவார். தீக்காயம் பட்டவர்களையும் உதடு பிளந்து பிறந்த குழந்தைகளையும் ஒரு நர்சிங்ஹோமில் பார்ப்பார். நாங்கள் போன அன்று, உதடு தைத்த குழந்தையை ஒரு தாய் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அது முலை குடித்துக்கொண்டே வந்தது. முன்பு அதனால் குடிக்க முடியாதாம். எனக்கு அந்த இடத்திலேயே கை கூப்பத் தோன்றியது. நானும் மாசிலாமணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இப்படிப்பட்ட மனிதரிடம் நாம் எதைக் கொண்டு வந்திருக்கிறோம் என்று இருவருக்குமே கூச்சமாகிவிட்டது.

டாக்டர் அவனை ஜன்னலோரம் பக்கவாட்டில் உட்காரவைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். வலம் வந்தார். இடம் வந்தார். பிறகு கதவைத் திறந்து, "சிஸ்டர், ஒரு நிமிஷம் இங்க வாங்க" என்றார். நர்ஸ் வந்தாள். அவளும் பார்த்தாள். அவள் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்ததை அவள் கவனிக்கவில்லை.

"மூச்சு விடறதுல கஷ்டமா?"

"இல்ல சார்."

"எப்பவாவது அடிபட்டுதா?"

"இல்ல சார்."

"அப்புறம் எதுக்கு?"

"பொண்ணு வீட்ல பாக்க வருவாங்க சார்."

டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு தாளில் அவனுடைய பக்கவாட்டை வரைந்தார். அதன்மேலேயே இன்னொரு கோடு இழுத்தார். மேடு போய், நேராய், அடக்கமாய் ஒரு மூக்கு. "உள்பக்கமாவே போய் இந்த எலும்பைச் சின்ன உளியால எடுத்துடலாம். வெளியில தழும்பு தெரியாது. அப்புறம் ரெண்டு பக்கமும் தட்டி நடுவுல சேர்த்துடணும்" என்றார்.

நான் என் மூக்கைப் பொத்திக்கொண்டேன். மனிதன் மூக்குக்குள் உளியோடு நுழைந்து, தச்சுவேலை பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வருகிறான்! மாசிலாமணிக்கோ பயமே இல்லை. அந்தக் கோட்டையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"செய்யறேன். ஆனா எடுத்தா எடுத்ததுதான். திரும்ப வேணும்னு வந்தா என்னால வைக்க முடியாது. நல்லா யோசிங்க" என்றார் டாக்டர். மாசிலாமணி யோசிக்கவில்லை. மெட்ராஸுக்கு வரச்சொல்லி ஒரு திங்கட்கிழமை குறித்துக்கொண்டான். எங்கள் ஊர் திரௌபதியம்மன் திருவிழாவில் படுகளம் முடிந்த மறுநாள் அது.

படுகளம் என்றால், பாரதப் போரில் துரியோதனன் விழும் நாள். அவனை மண்ணால் மல்லாக்கப் படுத்த மேனிக்குத் திடலில் செய்துவைப்பார்கள். எங்கள் ஊர்த் துரியோதனனுக்குக் கால் ஒரு ஊரிலும் தலை அடுத்த ஊரிலும் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூத்துக்காரர்கள் பீமனாகவும் துரியோதனனாகவும் வேஷம் கட்டி அந்த மண்ணுடம்பைச் சுற்றிச் சுற்றி ஆடுவார்கள். கடைசியில் பீமன் தொடையில் அடிப்பான். அதன் பிறகு ஜனங்கள் அந்த உடம்பிலிருந்து மண் எடுத்துப் போவார்கள். நெல் குதிரில் போட்டால் குறையாது, குழந்தைக்குப் பூசினால் பயம் அண்டாது என்று நம்பிக்கை.

உருவம் போடுகிறவர் பச்சைமுத்து. அதற்கு முந்தின வருஷம் அவர் வைத்த துக்குணி மூக்கைப் பார்த்து அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள், "உங்க ஊரு துரியோதனனுக்குச் சளி புடிச்சா எங்கடா சிந்துவான்?" என்று கேட்டுவிட்டார்கள். அந்த அவமானம் அவருக்கு ஒரு வருஷமாகத் தூக்கத்தைக் கெடுத்தது. அந்த வருஷம் படுகளத்துக்கு முந்தின நாள் மத்தியானம், ஊருக்கு வந்திருந்த மாசிலாமணி வேப்ப மரத்தடியில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். மண் மிதித்துக்கொண்டிருந்த பச்சைமுத்து தற்செயலாக அந்தப் பக்கம் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலையில் திடலுக்குப் போனவர்கள் அண்ணாந்து நின்றார்கள். நானும் நின்றேன். மார்பு ஒரு களம். கிரீடம் ஒரு வைக்கோற்போர். அதற்கெல்லாம் மேலே, பனங்கட்டையை உள்ளே நட்டு, வெடிக்காமலிருக்கப் புற்றுமண் குழைத்துப் பூசி, வானத்தைக் கிழித்துக்கொண்டு நின்றது மூக்கு. மேடு இருந்தது. மேட்டின்மேல் நின்று பார்க்கிற அந்த நிதானமும் இருந்தது. அதன் நிழலில் இரண்டு கிழவர்கள் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டம் முதலில் மூக்கைப் பார்த்தது. பிறகு, யாரும் சொல்லாமலே, எல்லாத் தலையும் மாசிலாமணி பக்கம் திரும்பியது.

"யோவ் பச்சமுத்து! யாரு மூக்குய்யா இது?" என்று பாய்ந்தான் அவன்.

"ராசா மூக்கு தம்பி."

"என் மூக்குய்யா!"

"அதத்தான் நானும் சொல்றேன்."

"போயும் போயும் துரியோதனனுக்கா வெப்ப? கெட்டவனுக்கு?"

பச்சைமுத்துவுக்கு நிஜமாகவே வருத்தமாகிவிட்டது. "இன்னா தம்பி இப்படிச் சொல்லிட்ட? கெட்டவனா இருந்தா ஊரே காலைலேர்ந்து பட்டினி கெடந்து அவரு மண்ண எடுக்க வருமா? சக்கரவர்த்தி தம்பி அவரு. எனக்கு இத்தினி வருசமா அவரு மூஞ்சி கெடைக்கல. நேத்துதான் கெடைச்சிது."

"இடிச்சித் தள்ளு!"

"சாமி கண்ணு தொறந்தாச்சி. இனிமே பீமன் அடிச்சாத்தான் உண்டு."

இந்தச் சண்டை நடக்கும்போதே திண்டிவனம் பஸ் திடலோரம் வந்து நின்றது. துரைக்கண்ணு இறங்கினார். அவர் தங்கை லட்சுமியம்மாள் இறங்கினாள். குடையை மடக்கிக்கொண்டு தையல்நாயகி இறங்கினாள். மாசிலாமணியின் அம்மா அஞ்சம்மாள், எங்கள் சித்தி, ஒரு மரியாதைக்குத் திருவிழாவுக்கு வரச்சொல்லி அவர்களுக்கு ஆள் அனுப்பியிருந்தாள். வருவார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. சொன்னால் மகன் ஊருக்கே வர மாட்டான் என்று அவனிடம் மூச்சு விடவுமில்லை.

"அக்கா, ஒரே ஒரு நாள்க்கா. நாளைக்கி வந்திருந்தா கூட நான் மெட்ராஸ்ல இருந்திருப்பேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பெண்ணை அவன் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறான். பார்த்தவுடனே பிடித்தும்விட்டது, அதுதான் இன்னும் வேதனை.

நல்லவேளையாக மேளம் முழங்கிக் கூத்து தொடங்கிவிட்டது. துரியோதனன் வேஷக்காரர் அந்த மண்மார்பின்மேல் ஏறி நின்று ஆடினார். பீமன் கதாயுதத்தைச் சுழற்றினான். தொடையில் புதைத்துவைத்த பானை உடைந்து சிவப்புத் தண்ணீர் பீறிட்டபோது அத்தனை ஜனமும் ஒரே குரலில் 'ஹா' என்றது. பாஞ்சாலி விரித்த கூந்தலை முடிந்தாள். மேளம் நின்றது. ஏரித் தண்ணீர் கரையில் தட்டுகிற சத்தம் கேட்டது. ஆயிரம் தடவை பார்த்திருந்தாலும் அந்த இடத்தில் எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அந்த வருஷம் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. விழுந்து கிடக்கிறவன் எங்கள் வீட்டுப் பிள்ளையைப்போல் அல்லவா இருந்தான்.

பிறகு மண் எடுக்க ஜனம் பாய்ந்தது. வழக்கமாகத் தொடைக்கும் மார்புக்கும்தான் போட்டி. அன்றைக்கு அத்தனை பேரும் மூக்கைப் பார்த்து ஓடினார்கள். "புத்து மண்ணுடி, ஜல்தியா அள்ளு!" "மாசிலாமணி மூக்குல எனக்கும் ஒரு புடி குடு!" என்று ஒரே கூச்சல்.

லட்சுமியம்மாளும் முந்தானையில் அள்ளிக்கொண்டாள். அள்ளிய பிறகுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. "ஏம்மா, மாசிலாமணி மூக்குன்றீங்களே, யாரு அந்த மாசிலாமணி?"

"தே, நிக்கிறாரே, வெள்ளச் சட்ட" என்று நாலு கைகள் நீண்டன.

"அய்யய்யோ! அப்போ நம்ம மாப்ளதானா அது!"

தையல்நாயகி நேரே அவனிடம் நடந்து வந்தாள். அவன் வழக்கம்போல் அவளை நோக்கி முகத்தை நேராக வைத்துக்கொண்டான். அவள் இடப்பக்கம் ஒரு எட்டு வைத்தாள். அவனும் திரும்பினான். வலப்பக்கம் வந்தாள். மறுபடியும் திரும்பினான். செக்கைச் சுற்றுவதுபோல் இருவரும் ஒரு முழு வட்டம் வந்துவிட்டார்கள்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்க" என்றாள்.

"நேரா பாத்தா போதாதுங்களா?"

"நேராத்தான் போட்டோவுல பாத்துட்டேனே."

வேறு வழியில்லை. வெட்டுகிற இடத்துக்குப் போகிற ஆடு மாதிரி மெள்ளத் திரும்பினான். காலை வெயில் அவன் மூக்கின்மேல் விழுந்தது. பின்னால், கரைந்துகொண்டிருந்த மண்மூக்கின்மேலும் அதே வெயில். மண் அள்ளுகிறவர்கள் கைகளை அப்படியே நிறுத்தினார்கள். அவள் இதைப் பார்த்தாள், அதைப் பார்த்தாள், மறுபடியும் இதைப் பார்த்தாள். கணக்கு டீச்சர் விடையைச் சரிபார்க்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. கோயிலில் திரை விலகும்போது பார்க்கிற முகம் அது.

"போட்டோவுல இருந்தவர எனக்குப் புடிக்கல. எத்தினி தடவ பாத்தாலும் மனசுல நிக்கல. அவர வேணாம்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தோம்" என்றாள்.

"ஏய் நாயகி, மெதுவாம்மா" என்றார் துரைக்கண்ணு. "மாப்ள, தப்பா எடுத்துக்காதீங்க. ஆள் விட்டுச் சொல்றது மரியாத இல்லன்னு நேர்ல வந்தோம்."

மாசிலாமணி பக்கவாட்டில் நின்றபடியே சொன்னான். "அந்தப் போட்டோ மாதிரியே ஆயிடலாம்னுதாங்க நாளைக்கி ஆபரேசன் வெச்சிருக்கேன். உளிய வெச்சி மூக்கெலும்ப எடுத்துடறாங்க."

"மூக்க எடுக்கறதா? எதுக்கு?"

"உங்களுக்காகத்தாங்க."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்காகவா? நான் கேட்டனா? என்ன முன்னப்பின்ன பாத்தது கூட கெடையாது, எனக்காக உளிய வெச்சி எலும்ப ஒடைச்சிக்குவீங்களா? உங்க மூக்கு. வெச்சிக்கிறதும் எடுக்கறதும் உங்க இஷ்டம். எம்பேரச் சொல்லி எடுக்காதீங்க."

அவள் திரும்பி நாலடி நடந்தாள். பிறகு நின்று, அப்பாவிடம்தான் சொன்னாள், ஆனால் திடல் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "அப்பா, வேணாம்னு சொல்ல வந்தோமே, அத நான் இன்னும் சொல்லல. போட்டோவத்தான் வேணாம்ன்னேன்."

அவர்கள் சித்தி வீட்டில் கூழும் கொழுக்கட்டையும் சாப்பிட்டுவிட்டு மத்தியான பஸ்ஸில் போய்விட்டார்கள். லட்சுமியம்மாள் முந்தானை முடிச்சை ஒரு கையால் பிடித்தபடியே சாப்பிட்டாள்.

வெயில் தாழ்ந்ததும் மாசிலாமணி திடலுக்குப் போனான். பின்னாலேயே நானும் போனேன். தொடை இருந்தது, மார்பு இருந்தது, கிரீடம்கூட இருந்தது. மூக்கை மட்டும் ஊர் அடியோடு அள்ளிக்கொண்டு போய்விட்டது. பனங்கட்டையையும் யாரோ பிடுங்கிவிட்டார்கள். முகம் தட்டையாக, வழுவழுவென்று கிடந்தது. காலையில் பார்த்து நடுங்கியவர்கள் இப்போது கவனிக்காமலே தாண்டிப் போனார்கள்.

"பச்சமுத்து, இது யாருன்னே தெரியலயே" என்றான்.

"இனிமே யாரும் இல்ல தம்பி. வெறும் மண்ணு" என்றார் பச்சைமுத்து, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு.

அவன் குனிந்து அந்தத் தட்டை முகத்தைத் தடவிப் பார்த்தான், பிறகு தன் மூக்கையும். ஊரில் எத்தனை குதிரில், எத்தனை தொட்டிலடியில் அன்றைக்கு அவன் மூக்கு போய்ச் சேர்ந்திருக்கும் என்று யோசித்து நான் மலைத்தேன். எந்தக் குமாஸ்தாவின் மூக்குக்கு இப்படி ஒரு பாக்கியம்!

"அக்கா, டாக்டருக்குப் போன் போட்டு வரலன்னு சொல்லிடறியா?"

"சொல்றேன். ஆபீஸ்ல லீவு எழுதிக் குடுத்துட்டியேடா?"

"அது இருக்கட்டும். நாளைக்கித் திண்டிவனம் போறேன்."

"போய் இன்னான்னு சொல்லுவ?"

"நான் இன்னா சொல்றது? அவங்கதான் இன்னும் சொல்லலன்னாங்களே. கேட்டுக்கினு வர்றேன்."